ஆறினால் நல்லது

விவாகரத்தில் அவருக்கு வீடு.
எனக்கு எழுபத்து மூன்றாம் வருடத்து எம்.ஜி.
பச்சை நிறம், இரண்டே இருக்கை.
இருபது நிமிடம் பறக்கும். பிறகு
செம்பனைக் காட்டு நடுவில் மூச்சடங்கும்.
பானெட்டைத் திறந்து காயிலைத் தொட்டால்
தோசைக்கல்.
ஆறும்வரை காத்திருப்பேன்,
குலை ஏற்றிய லாரிகள் ஹாரன் அடித்துக் கடக்க.

ஈப்போவில் இல்லை. கிள்ளானில்
"காரை விக்கிறீங்களா?" என்று கேட்டார்கள்.
பீடோர் பழைய இரும்புக் கடையில்
லோ ஒரு மைலோ டின்னைக் கவிழ்த்தார்.
ஏழு காயில்.
மீட்டரை வைத்தேன்: ஒன்றரை ஓம்,
ஒன்றரை, செத்தது, செத்தது,
மூன்று.
மூன்றுதான் வேண்டும்.
"எந்த வண்டியுடையது?"
"தோட்டத்து ஆம்புலன்ஸ். பத்து வெள்ளி."

சுங்காய் தாண்டினேன்.
இருபத்தோராம் நிமிடம்
ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.
ஓடியது.
துரோலாக்கிலும் ஓடியது.

பழைய காயில் டிக்கியில் உருண்டது.
எதற்கும் இருக்கட்டும்,
ஆறிவிட்டால் நல்லதுதானே என்று
வைத்திருந்தேன்.
பதினோரு வருடம்
அவரைப் பற்றியும் இதையேதான்
எல்லோரிடமும் சொன்னேன்.

திரும்பும் வழியில் லோ கடையில் நிறுத்தினேன்,
எஞ்சினை அணைக்காமல்.
செம்புக்கு இரண்டு வெள்ளி தந்தார்.