நடுவில் ஓட்டை

இரவு பதினொன்றேகால். கிர்கெனெஸ்.
சூரியன் போய் மூன்று வாரம் ஆகிறது.
ரிஸ்தென் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.
ஐலு, மூன்று வயது.
எச்சில் வடிகிறது, விழுங்க மறுக்கிறான்,
அழுகைக்கு மட்டும் வழி திறந்திருக்கிறது.
"குரோனே முழுங்கிட்டான். உண்டியலக் கவுத்து விளையாடிட்டிருந்தான்.
காலைல தானா வந்துடும்னாங்க."

அவன் கழுத்திலிருந்த வெள்ளி உருண்டையைக் கழற்றி
என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
அவளுக்கு ஈய அங்கியை மாட்டி
ஆடாமல் பிடித்துக்கொள் என்றேன்.
மூன்று வயதை.
நாலாவது தடவை படம் அமைந்தது.

இந்த நேரத்தில் எங்கள் ஆஸ்பத்திரியில்
படம் எடுக்க நான் இருக்கிறேன்.
படிக்கிறவள் சிட்னியில்.
அங்கே நாளைக் காலை ஆகிவிட்டது, அதுவும் கோடை.
இல்வா என்று பெயர், ஸ்வீடன்காரி.
முகம் தெரியாது, எழுத்துப்பிழை தெரியும்:
அவசரத்தில் ஓர் எழுத்தை விழுங்கிவிடுவாள்.
வழக்கமாகத் திரையில் நாலு வரி வரும்.
இன்று ஃபோன் அடித்தது.

"உணவுக்குழாயில், மேலே. இருபது மில்லிமீட்டர்.
விளிம்புக்குள் இன்னொரு விளிம்பு. நீயும் பார்."
பார்த்தேன்.
நிலா வட்டம் கட்டியது மாதிரி மெல்லிசாக ஒரு கோடு.
"அம்மா என்ன சொல்கிறாள்?"
குரோனே என்கிறாள்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
ஏதோ ஒரு பறவை மட்டும் கதவு கீச்சிடுவது போலக் கத்தியது.
"டோருன், உங்கள் குரோனேக்கு
நடுவில் ஓட்டை உண்டு, இல்லையா?"

இருபது வருடமாக என் பையில் கிடக்கிற காசு.
பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம்
அந்த ஓட்டையில் நகத்தை நுழைத்திருக்கிறேன்.
படத்தில் ஓட்டை இல்லை.

"பேட்டரி," என்றாள். "ஓடு."

ஹால்வார்ட் டாக்டர் தேன் பாட்டிலோடு வந்தார்.
பத்து நிமிஷத்துக்கு இரண்டு ஸ்பூன்,
ட்ரொம்சோ போய்ச் சேரும்வரை.
ரிஸ்தென் வீட்டு ஜன்னலை நினைத்துப் பார்த்தாள்.
இருட்டுக் காலத்துக்கென்று வாங்கிய பொய் மெழுகுவத்திகள்,
நெருப்பில்லை, பிள்ளைக்கு ஆபத்தில்லை என்று வாங்கியவை.
"ஒண்ணு எரியல," என்றாள் யாரிடமோ.
"சாயங்காலத்திலேர்ந்தே எரியல."

வைப்பதற்கு முன் இல்வா கேட்டாள்:
"ஓரத்தில் மோதிரத்தோடு ஒரு கை. அம்மாவா?"
ஆமாம்.
"எலும்பு வரைக்கும் பிடித்திருக்கிறாள்."
அறிக்கையில் அந்த வரி இல்லை.

விமானம் பனிக்குள் ஏறியது.
அவளுக்கு அடுத்து யாருடைய கணுக்காலோ போயிருக்கும்.
பிறகு என்ன ஆயிற்று என்று சொல்ல
அந்தத் திரையில் கட்டம் எதுவும் கிடையாது.

பன்னிரண்டு நாள் கழித்து
வெள்ளி உருண்டையைக் கேட்டு ரிஸ்தென் வந்தாள்.
இரண்டு முறை சலவைக்குப் போய்த் திரும்பி
என் பையிலேயே கிடந்தது.
உள்ளே புண். இன்னும் கஞ்சிதான்.
"ஆனா என்னா கத்து கத்துறான்!" என்றாள்,
பரிசு வாங்கிவந்தவனைப் பற்றிச் சொல்வது போல.

அன்றிரவு யாரும் வராத நேரத்தில்
ஒரு குரோனேயை மேசைமேல் வைத்துப் படம் எடுத்தேன்.
பெயர் கேட்ட இடத்தில் 'சோதனை' என்று அடித்தேன்.
குறிப்பில்: பையன் கத்துகிறான்.
அனுப்பினேன்.

நாலு நிமிஷத்தில் அறிக்கை வந்தது,
வழக்கம்போல் ஓர் எழுத்து குறைய:
நடுவில் ஓட்டை, இயல்பனது.
வேறு குறையேதும் இல்லை.