கிச்சாப்பின் வயிறு

விடிகாலை ஆறு பத்து.
பாயான் லெப்பாஸ் ஆலைப் பேருந்து
ரெலாவ் அடுக்குமாடியின் கீழே இறக்கிவிட்டுப் போனது.
லிஃப்டில் யாரோ விட்டுச்சென்ற நாசி லெமாக் வாசனை
பதினோராவது மாடிவரை கூடவே வந்தது.
கதவைத் திறந்தேன். வேறொன்று வந்தது.

மணல் தட்டில் பாதி, தரையில் பாதி.
குளியலறை வாசலில் கிச்சாப்,
கறுப்பு உடம்பு, பின்னங்கால் மயிரில் காய்ந்த மஞ்சள்.
என்னைப் பார்த்தாள்.
பிறகு சுவரைப் பார்த்தாள்.

புனிதமலர் ஜொகூரில், மூன்று மாதப் பயிற்சி.
போகும்போது சொன்னது இரண்டே:
கேஸை மூடு, கிச்சாப்பைப் பார்த்துக்கோ.
கேஸை மூடியிருந்தேன்.

முதல் நாள் ஐந்து முறை.
மறுநாள் எண்ணுவதை விட்டேன்.
இரவு வீடியோவில் "எங்கே என் கருப்பி?"
"தூங்குறா."
பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடுமாம்.
நான் கேமராவை மூடினேன்.

பக்கத்து வீட்டு காக் சுரயா
கம்பிக் கதவுக்கு வெளியே நின்று மூக்கைப் பொத்தாமல் விசாரித்தார்.
அது பெரிய மரியாதை.
ஏழாம் மாடி லிங்கேஸ் தன் மாத்திரை அட்டையைக் கொடுத்தான்,
"எனக்கு உடனே நின்னுச்சு, கால்வாசி குடு."
லிங்கேஸ் தொண்ணூறு கிலோ. கிச்சாப் மூன்றரை.
காய்கறி வெட்டும் கத்தியை மாத்திரைமேல் வைத்து
வெகுநேரம் நின்றேன்.
குப்பையில் போட்டேன்.

மார்ஜரின் டப்பாவில் கொஞ்சம் அள்ளி
மூன்று பிளாஸ்டிக் பைகளில் முடிந்து
கிராப்பில் ஏறினேன், ஜெலுத்தோங்குக்கு.
அது என்ன என்றார் ஓட்டுநர்.
சம்பால் என்றேன்.

டாக்டர் கோர் கேட்டார்:
நிறம்? சளி? ரத்தம்? வாந்தி?
சாப்பிடுகிறதா? தண்ணீர்?
பழுதான சில்லு வந்தால்
ஆலையில் நான் கேட்கும் அதே குரல்.
பிடரித் தோலைக் கிள்ளி விட்டார்.
தோல் மெதுவாகத் திரும்பியது,
மன்னிக்கலாமா என்று யோசிப்பதுபோல.
ஈறைத் தொட்டார், விரல் ஒட்டியது.
ஊசியில் உப்புநீர் ஏறி
தோளில் சின்னத் திமில் முளைத்தது.
டப்பாவின் ஒரு துளி நுண்ணோக்கியின் கீழே போனது.
புழு இல்லை, வேறு பூச்சி எதுவும் தெரியவில்லை.

"என்ன மாத்துனீங்க?"
ஒன்றுமில்லை என்றேன்.
அவர் எழுதவில்லை. காத்திருந்தார்.
தீவனம், என்றேன்.
புது மூட்டை, பாதி விலை,
ஒரே ராத்திரியில்.
இன்னும் காத்திருந்தார்.
பாலும்.
வேலை முடிந்து தேநீர் கலக்கும்போது
மேசையில் ஏறி எதிரே உட்காருவாள்,
இந்த வீட்டில் வேறு யாரும் அப்படி உட்காருவதில்லை இப்போது.
டின் பாலில் தண்ணீர் விட்டு
மூடியில் ஊற்றி வைப்பேன்.
பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன் என்பார்கள்.
நான் காவலைக் கைவிட்டேன்,
தோழமை அவள் குடலில் நுரைத்தது.

தோலில்லாத கோழி, உப்பு மஞ்சள் எதுவும் சேர்க்காமல்
வெந்த நீரோடு, உள்ளங்கை அளவு, நாலு வேளை.
அடுப்பில் தாளிக்காத ஒன்றை முதல்முறை சமைத்தேன்.
மூலைக்கொரு கிண்ணம் தண்ணீர்.
பிறகு பழைய தீவனத்தில் புதியது ஒரு சிட்டிகை,
நாளைக்கு இன்னும் ஒன்று,
வாரம் முழுக்க அப்படி.
ரத்தம் தெரிந்தாலோ சுருண்டு கிடந்தாலோ
நேரம் பார்க்காமல் வா என்றிருந்தார்.
பின்னங்காலை வெந்நீர்த் துணியால் துடைத்தபோது
கையில் மூன்று கோடு கிழித்தாள்.
உடம்பு தேறுகிறது என்று புரிந்தது.

நான்காம் நாள் விடிகாலை,
காலணியைக் கழற்றுமுன் மணல் தட்டுக்குப் போனேன்.
ஒன்று. உருண்டு, இறுகி, பழுப்பாக.
தரப் பரிசோதனையில் பதினாலு வருடம்,
எதையும் இப்படிக் குனிந்து ரசித்ததில்லை.
படமெடுத்து மலருக்கு அனுப்பினேன்.

உடனே நீலக்கோடு.
"பால் குடுத்தியா?"

இல்லை என்று தட்டினேன், அழித்தேன்.
ஒருநாள் மட்டும், அதையும் அழித்தேன்.
கிச்சாப் தட்டுக்குத் திரும்பி வந்து
முன்னங்காலால் மணலை இழுத்து இழுத்து
தன்னுடையதை மூடினாள்,
ஓரத்தை முகர்ந்தாள், இன்னும் கொஞ்சம் இழுத்தாள்.
அவளுக்குக் கைவந்தது அது.
ஆமாம் என்று அனுப்பினேன்.