உள்பட்டி

விண்ணிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
ஹலீனா பொய்ச்சுக் ஒரு பால் பையில் சுற்றி
மாமனுடைய ராணுவத் தொப்பியைக் கொண்டுவந்தாள்.
"அருங்காட்சியகத்துக்கில்லை. எனக்கு."

பூச்சி அரித்த ஓட்டை ஏழு.
முன்மடல் பாதி கழன்று ஆடியது.

கெட்டில் ஆவியில் பிடித்தேன்; கம்பளி
நனைந்த நாயின் மணம் விட்டது.
மடிப்புக்குள் வெயில் படாமலிருந்த நூலை உருவி
அதனாலேயே ஓட்டைகளை நெய்தேன்.
வளைந்த ஊசி இரண்டு தரம்
என்னையும் சேர்த்துத் தைத்தது.

சோதனைச் சாவடியில் நான் கண்ட தொப்பிகளில்
கண் இருக்கவேண்டிய இடத்தில் நிழல்.
அடையாள அட்டையை
நிழலிடம்தான் நீட்டுவோம்.

தோல்பட்டியைப் பிரித்தேன்.
நாலாய் மடித்த செய்தித்தாள்:
ஏதோ ஹொக்கி ஆட்டம், மூன்றுக்கு இரண்டு.
தலை சின்னது. தொப்பி பெரிது.
காதுக்கு இறங்காமலிருக்க
அவனே திணித்திருக்கிறான்.

கடையில் ஒருவருமில்லை.
போட்டுப் பார்த்தேன்.
அளவாக இருந்தது.

உடனே கழற்றினேன்.

தாளை அதே மடிப்பில் வைத்துத் தைத்தேன்.
பில்லில் எழுதியது:
ஓட்டை ஏழு, மடல் ஒன்று,
நாற்பத்தைந்து டொலர்.
பட்டிக்குள் இருப்பதை
ஹலீனாவுக்குச் சொல்ல
இன்னும் வாய் வரவில்லை.
வெள்ளிக்கிழமை வருவாள்.