எச்சில் பட்ட கரண்டி

கடலை வரப்பு கட்டி விலக்கிய நிலத்தில்
நாற்பது ஆண்டு கோஸ் போட்டவர்,
ஒரு நாளும் மூழ்காதவர்,
மார்ச் மாதத்திலிருந்து
ஒரு மடக்குத் தண்ணீரில் மூழ்கப் பார்க்கிறார்.

தண்ணீர் அவசரக்காரி.
பக்கவாதம் தின்ற தொண்டை
கதவைச் சாத்துவதற்குள்
மூச்சுக்குழாய்க்குள் நுழைந்துவிடுகிறாள்.
"கெட்டியாக்கிக் கொடுங்கள், டெல்சே" என்றாள்
மருத்துவமனையிலிருந்து வரும் நெஸ்ரின்.

இதென்ன பெரிய வித்தை.
உருளைக்கிழங்கு மாவைத் தேநீரில் காய்ச்சினேன்.
சூடு ஏற ஏற மாவுமணிகள் தண்ணீரைக் குடித்து
உப்பி, வெடித்து, ஒன்றையொன்று பற்றிக்கொள்ள
கரண்டி சாயத் தயங்கும் பதம்.
குழம்புக்கு எத்தனை தடவை செய்திருக்கிறேன்!

ஐந்து கரண்டி ஒழுங்காக இறங்கின.
ஒன்பதாவதில் புரை ஏறியது.
முகம் பீட்ரூட், கண்ணில் நீர்,
மேசை முழுக்கத் தேநீர்.
கோப்பையைப் பார்க்கிறேன்:
வெறும் தண்ணீர்.
நான் கட்டிவைத்ததை
யாரோ அவிழ்த்துவிட்டிருந்தார்கள்.

"யாருமில்லை, இவர்தான்" என்றாள் நெஸ்ரின்.
வாய்க்குள் போன கரண்டி
திரும்பவும் கோப்பைக்குள் போகிறது.
எச்சிலில் ஒரு நொதி இருக்கிறதாம்,
மாவின் நீண்ட சங்கிலியைக்
கடித்துக் கடித்துச் சர்க்கரையாக்கும்.
நாக்கு மறந்துவிட்டது, தொண்டை மறந்துவிட்டது,
பாழாய்ப்போன எச்சில் மட்டும்
வேலைக்குத் தவறாமல் வருகிறது.

அடுத்த செவ்வாய் ஒரு டப்பா கொண்டுவந்தாள்.
சாந்தன் பிசின். தும்மினால் பறக்கும் வெள்ளைத் தூள்.
அடுப்பே வேண்டாம், குளிர்ந்த நீரிலும் கரையும்.
மொத்தமாய்க் கொட்டினால் மீன்கண் மாதிரி கட்டி கட்டும்;
கலக்கிக்கொண்டே தூவ வேண்டும்.
சும்மா இருந்தால் கூழ்.
நாக்கு தள்ளினால் இளகி ஓடும்.
தள்ளுவதை நிறுத்தினால் மறுபடி கூழ்.
எச்சிலுக்கு மசியாது.

டப்பாவில் பொடி எழுத்தில்:
நுண்ணுயிர் நொதித்தலால் பெறப்பட்டது.
எந்த நுண்ணுயிர்? சும்மாதான் கேட்டேன்.
அவள் செல்பேசியில் தேடி
ஒரு லத்தீன் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

ஹார்ம் மேசையில் ஓங்கி அறைந்தார்,
நல்ல கையால்.

எனக்கும் தெரியும் அந்தப் பெயர்.
இலையோரத்தில் ஆப்பு அடித்ததுபோல் மஞ்சள்,
அதற்குள் கரிக்கோடாய் நரம்புகள்.
தண்டை அறுத்தால் கருப்பு வளையம்.
ஒவ்வொரு வசந்தத்திலும் விதைப்பையை
ஐம்பது டிகிரி வெந்நீரில் அரைமணி நேரம் பிடித்திருப்பார்;
வெப்பமானியிலிருந்து கண் எடுக்கமாட்டார்,
அப்போது அவரிடம் யாரும் பேசக் கூடாது.
அப்படியும் எண்பத்தேழில், அந்த ஓயாத மழையில்,
பதினோரு ஹெக்டேர் உழுது புதைத்தோம்.
நாற்றம் மார்னே தேவாலயம் வரை போனது.
அந்த ஆகஸ்ட் முழுக்க அவர் என்னோடு பேசவில்லை,
கோஸோடும்.

இலை நரம்புக்குள் அந்தக் கிருமி
கொழகொழவென்று ஒன்றைச் சுரக்குமாம்;
இலைக்கு ஏறும் தண்ணீரை அதுதான் வழிமறிக்கும்.
அந்தக் கொழகொழப்பைத்தான் வேண்டுமென்றே வளர்த்து
உலர்த்திப் பொடித்து
இந்த டப்பாவில் அடைத்திருக்கிறார்கள்.

நெஸ்ரினுக்குத் தர்மசங்கடம்.
"வேறு பிசின்களும் உண்டு..."

அவர் கையை நீட்டினார்.
கோப்பையில் ஒரு விரல் விட்டு எடுத்து
கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார்,
நோய் கண்ட இலையைத் தேய்க்கிற அதே தேய்ப்பு.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
பிறகு சிலேட்டை இழுத்து, இடது கையால்,
கோணல் மாணலாக எழுதினார்:

கிலோ என்ன விலை?

நெஸ்ரின் டப்பாவின் விலையைச் சொன்னாள்.
நான் கிலோவுக்குப் பெருக்கிச் சொன்னேன்.
கோஸுக்கு ஒரு நாளும் கிடைக்காத விலை.
அவர் வாய் ஒரு பக்கமாய்ப் பிளந்து,
தோள் குலுங்கச் சிரித்தார்,
வாயில் ஒரு கரண்டி ஆப்பிள் சாற்றோடு.

நாங்கள் இருவரும்
இருமலுக்குக் காத்திருந்தோம்.

நூற்றியிருபது மில்லி.
நோட்டில் குறித்துக்கொண்டேன்.