மேல் கட்டிலின் எடை

ஃபஹாஹீல், மூன்றாம் மாடி, அறை பதினொன்று.
ஆறு பெண்கள், மூன்று அடுக்குக் கட்டில்.
கட்டிலுக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவே
நீளத்தில் ஏழு டைல்ஸ், அகலத்தில் மூன்று.
ஒன்று உடைந்தது.
அதன்மேல் உள்ளங்கை படாமல் பார்த்துக்கொண்டால்
மிச்சம் இருபதும் என் மைதானம்.

ஆஸ்பத்திரியில் என் வேலை தள்ளுவது.
ஸ்ட்ரெச்சர், சக்கர நாற்காலி, அழுக்குத் துணி வண்டி,
ஒருநாள் பாதியில் நின்றுபோன லிஃப்டின் கதவையும்.
நாலு வருடத்தில் தோள் இரண்டும்
முன்னால் வந்து எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டன,
ரேஷன் வரிசையில் நிற்கிற மாதிரி.

பிசியோதெரபி அறையின் ரோவெனா
முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்
தனக்குத் தெரிந்த அரபியில் கேட்டாள்:
தள்ளுகிறாய், தள்ளுகிறாய். இழுப்பது யார்?

மாத்திரை அட்டைப்பெட்டியைப் பிரித்து
உள்பக்கம் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினேன்.
சனி, திங்கள், புதன்.
தோப்புக்கரணம் பதினைந்து, மூன்று தடவை.
காதைப் பிடிக்க வேண்டாம், பிள்ளையாருக்குப் புரியும்.
தண்டால் முதலில் சுவரில், பிறகு கட்டில் விளிம்பில்,
நோன்பு மாதம் முடிவதற்குள் தரையில்.
மல்லாந்து இடுப்பைத் தூக்கிப் பாலமாவது.
முழங்கையில் நின்று பலகையாவது, நாற்பது எண்ணும்வரை.
இழுப்பது:
அந்த இடம் மட்டும் பத்து நாள் காலியாகக் கிடந்தது.

தள்ளத் தரை போதும், சுவர் போதும்,
உலகம் முழுக்கத் தள்ளக் கிடக்கிறது.
இழுப்பதென்றால் எதிரே ஒன்று
வராமல் நிற்க வேண்டும்.

கதவுக் கொண்டியில் துண்டைக் கட்டினேன்.
கொண்டி கையோடு வந்தது.
ஹாரிஸ் அரை தினார் வாங்கிக்கொண்டு மாட்டிக் கொடுத்தான்.
மேல் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பற்றி
குதிகால் ஊன்றிப் பின்னால் சாய்ந்தேன்.
கட்டிலும் கூடவே சாய்ந்தது,
கூப்பிடுமுன்னே கிளம்பிவிடுகிற விருந்தாளி.

பிறகுதான் கண்டுபிடித்தேன்:
காலை எட்டரைக்கு யோகேஸ்வரி
டயாலிசிஸ் வார்டில் இரவு வேலை முடித்து வந்து
மேலே ஏறி விழுந்தபின்
அந்தக் கட்டில் சாயாது.
கொஞ்சம் கிரீச்சிடும், கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான்.

ஒன்பதரைக்கு நான் தொடங்குவேன்.
நெஞ்சு சட்டத்தைத் தொடும்வரை இழு,
மூன்று எண்ணி இறங்கு.
ஐந்து. அடுத்த வாரம் எட்டு. பிறகு பன்னிரண்டு.
ஜன்னலுக்கு வெளியே தூசிக்காற்றில் ஊரே மஞ்சள்.
மேலே ஹட்டன்காரியின் குறட்டை.
அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது,
நீ தூங்கினால்தான் என் முதுகு நிமிரும் என்றா?

ஆகஸ்டில் லீவில் போனாள், நாற்பது நாள்.
கட்டில் மறுபடி கூடவே வந்தது.
பாஸ்மதி மூட்டை இரண்டை ஏற்றினேன்.
தண்ணீர்க் கேன் மூன்று, இஸ்திரிப்பெட்டி,
ஷமீலாவின் தையல் மெஷின்.
போதவில்லை. அரிசி ஒரு பக்கம் சரிந்துகொண்டே இருந்தது.
மனுஷி மாதிரி நடுவில் கிடக்க
அதற்குத் தெரியவில்லை.

வெட்கத்தை விட்டு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்:
யோகா, நீ எத்தனை கிலோ?

பதில் வர ஒரு நாள் ஆனது.
பின்னால் மழை, யாரோ தகரத்தை நகர்த்தும் சத்தம்.
"ஏன்டி, எனக்கு மாப்பிள்ளை பாக்குறியா? அறுபத்தொண்ணு.
இங்க வந்ததுல இருந்து தூக்கமே இல்ல.
அங்கன்னா விடிஞ்சு படுத்தா
கோச்சியில போற மாதிரியே இருக்கும்.
இங்க கட்டில் ஆடவே மாட்டேங்குது."

கோச்சி என்றால் ரயிலாம், ஷமீலா சொன்னாள்.
தண்டவாளமே இல்லாத நாட்டில்
வாரம் மூன்று நாள்
ஒருத்தியை நான் இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

அட்டையில் அந்த வரிக்கு எதிரே
அவள் திரும்பும் தேதியை எழுதி வைத்தேன்.
அதுவரை,
அரிசியை நம்பி,
நாலே நாலு.