பல்வகைக் கோவை

பீடாதிபதி கெட்டவர் இல்லை.
முதலில் அதைச் சொல்லிவிடவேண்டும்.
மாரியில் விடுதிக் கூரை ஒழுகினால்
இரவிலும் குடையோடு வந்து பார்ப்பவர்.
விளையாட்டு விழாவில்
பெண்பிள்ளைகள் வளையத்தோடு உடற்பயிற்சி காட்டினால்
எழும்பி நின்று கைதட்டுபவர்.
"விளையாடுங்கோ பிள்ளையள், உடம்புக்கு நல்லம்.
வெல்லத்தான் வேணுமெண்டு ஏன் நிக்கிறியள்?
ரீச்சராகப் போறவள்
கட்டைக் காற்சட்டையோட விழுந்து பிரளுறதே?"

அவர் சொல்ல நான் கடிதமாக்குவேன்.
ஒன்பது வருடமாக இதுதான் வேலை.
ஆண்கள் அணிக்கு பஸ்: அனுமதிக்கப்படுகிறது.
பெண்கள் அணிக்கு பஸ்: பரிசீலிக்கப்படும்.
இந்தக் கடைசிச் சொல்லை
என் விரல்கள் பார்க்காமலே அடிக்கும்.

நாலரைக்கு மைதானம் ஆண்களுக்கு.
ஐந்தரைக்கு விடுதிக் கதவு பெண்களுக்கு.
மிஞ்சுவது மதியம் ஒன்று தொடக்கம் ஒன்றரை,
மாங்குளத்து வெயிலில்,
சோற்றை விட்டால்.

சோற்றை விட்டார்கள்.

பதினொரு பேருக்கு ஆறு சோடி சப்பாத்து.
ஐந்தாம் அளவுக்காரி ஏழைப் போட்டு
முன்னுக்குப் பஞ்சு அடைத்து ஓடினாள்.

லதுர்சிகா கோல் காப்பவள்.
ஒருநாள் கடிதத்தோடு அலுவலகத்துக்கு வந்தாள்.
"பாதுகாப்புக் காரணம் எண்டு போட்டிருக்கு அக்கா.
என்ன பாதுகாப்பு?"
உள்ளிருந்து பதில் வந்தது.
"கைகால் முறிஞ்சால்
உன்ர அம்மாவுக்கு ஆர் பிள்ளை பதில் சொல்லுறது?"

"அம்மாதான் சேர்
இந்தக் கிறவுண்டில கண்ணிவெடி எடுத்தவ."

குரலை உயர்த்தவில்லை அவள்.

புவனமலரை எனக்குத் தெரியும்.
முகத்தில் கண்ணாடித் தகடு, மார்பில் கனத்த கவசம்,
சிவப்புத் தடிகளுக்கு நடுவே
இரண்டு வருடம் முழங்காலில் நின்று
இந்த மண்ணைக் கையளவு கையளவாகச் சுரண்டியவள்.
வடக்குக் கோல் கம்பத்தடியில் மட்டும் நாலு.
பெண்ணுடம்பு தாங்குமா என்று
அப்போது யாரும் கடிதம் எழுதவில்லை.
எழுதியிருந்தால் கோவையில் இருக்கும்.
தேடிப் பார்த்தேன்.

பீடாதிபதி மின்விசிறியைப் பார்த்தார்.
மேசையில் கிடந்த கண்ணாடிக் குண்டை
அங்கிருந்து இங்கு வைத்தார்.
"பரிசீலிப்பம்."

அவர்கள் காத்திருக்கவில்லை.
அரச பஸ்சில், தங்கள் காசில்,
வவுனியா வரைக்கும் நின்றபடி போனார்கள்.
அரையிறுதியில் தோற்றார்கள், மூன்றுக்கு இரண்டு.
மூன்றாவது, லதுர்சிகாவின் விரலில் பட்டுத்தான் போனதாம்.
இரவு முழுக்க அழுதாளாம்.
கேட்க எனக்குப் பிடித்திருந்தது.
உடம்புக்கு நல்லம் என்று விளையாடுகிறவர்கள்
அப்படி அழமாட்டார்கள்.

திங்கட்கிழமை
பதின்மூன்று பேருக்கும் விளக்கம் கோரும் கடிதம்.
அனுமதியின்றி விடுதியை விட்டுச் சென்றமை.
அடித்தேன்.
எனக்கும் சம்பளம் வேண்டும்.

பிரதியைப் போட மட்டும்
"பல்வகை" கோவையை எடுக்கவில்லை.
இத்தனை வருடமும் அவர்களுடைய கடிதங்கள்
தண்ணீர்த்தாங்கித் திருத்தத்துக்கும்
கட்டாக்காலி மாட்டு முறைப்பாட்டுக்கும்
நடுவில்தான் கிடந்தன.
புது மட்டை ஒன்றில் எழுதினேன்:
பெண்கள் உதைபந்தாட்டம். தொகுதி 1.
அலுமாரியில் இடமில்லை.
ஆண்களின் ஆறு தொகுதியையும்
கொஞ்சம் நெருக்கித் தள்ளவேண்டியிருந்தது.

கடிதம் வாங்க வரிசையில் வந்தார்கள்.
லதுர்சிகா கையொப்பம் வைத்தாள்,
சுட்டுவிரல் வீங்கியிருந்தது.
அடுத்த போட்டி எப்ப பிள்ளை என்று கேட்டேன்,
மெல்ல,
அறைக்கதவு திறந்திருந்தபடியால்.