கீழ்ப்படிந்த சக்கரம்

விடிய இன்னும் ஒன்றரை மணி நேரம்.
சுமத்திராக் காற்று கடல் தாண்டிவந்து
சாங்கியின் வேலிக் கம்பிகளை உலுக்கியது.
ஓடுபாதை விளக்குகள்
தண்ணீருக்குள் இன்னொரு வரிசையாய் எரிந்தன.

பெர்த் விமானம் இறங்கியதை நான் பார்க்கவில்லை.
அந்த மழையில் எதுவும் கேட்கவும் இல்லை.
பதிவேட்டில் ஒரு வரியாகத்தான் என்னிடம் வந்தது:
பிரேக் போட்டதும் வலப்பக்கம் சற்றே இழுத்தது.
விமானிகள் ‘சற்றே’ என்று எழுதினால்
நான் காலணியை இறுக்கிக் கட்டிக்கொள்வேன்.

இறக்கையடியில் குனிந்து டார்ச் அடித்தேன்.
இடக்கால், பின்வரிசை, உட்பக்கம்.
ஆறாம் எண்.
டயரில் என் உள்ளங்கை அகலத்துக்கு
ஒரு வழுக்கை.
தேய்ந்ததல்ல, வெந்தது.
பூட்டிக்கொண்ட சக்கரத்தின் கீழ்
மழைநீர் கொதித்து ஆவியாகி
அந்த ஆவியின்மேல் ரப்பர் சறுக்கிப் போயிருக்கிறது,
தோசைக்கல்லில் தெளித்த துளி ஓடுமே, அப்படி.
ஓடுபாதையில் இந்நேரம்
கறுப்புத் தடம் இருக்காது.
வெளுத்த தடம் இருக்கும்,
அந்த ஒரு கோட்டை மட்டும்
யாரோ துவைத்துவிட்டதுபோல்.

மேலே, கண்ணாடிப் பாலத்துக்குள்,
பயணிகள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போனார்கள்.
தோளில் தூங்கும் பிள்ளையோடு ஒரு பெண்.
இறங்கும்போது ஏதோ நடுங்கியது என்று
வாடகை வண்டியில் யாராவது சொல்லக்கூடும்.
சொல்லாமலும் போகலாம்.

கேப்டன்கள் கீழே இறங்கிவரும் நேரமல்ல அது.
ஓங் வந்தார்.
தொப்பி இல்லை. சட்டை நனைவதைக் கவனிக்கவில்லை.
வழுக்கையைத் தொட்டார்.
விரலை மோந்து பார்த்தார்.
“நான் மிதித்தேன்” என்றார்.
“முழுசாக மிதித்தேன். காலை எடுக்கவே இல்லை.”

எடுக்க வேண்டியதில்லை, சார்.
நீங்கள் மிதித்துக்கொண்டிருந்தபோது
ஏழு சக்கரங்கள் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை.
சறுக்கப்போகிறோம் என்று தெரிந்த கணமே
பிடியைத் தளர்த்திக்கொண்டன,
சுழன்றன, மறுபடி பிடித்தன,
ஒரு மூச்சுக்குள் எத்தனையோ முறை,
உங்கள் காலுக்குத் தெரியாமல்.
முந்நூறு பேரை நிறுத்தியது அந்த மீறல்.
ஆறாவது மட்டும்
சொன்ன சொல் தட்டவில்லை.

இதில் பாதியைத்தான் சொன்னேன்,
என் விறைப்பான ஆங்கிலத்தில்.
மீதி பாதிக்கு அவர் முகம் இடம் தரவில்லை.

அதன் உணரி கத்தியிருக்கிறது,
கணினி எழுதி வைத்திருக்கிறது:
நிற்கிறேன், நிற்கிறேன், விடு, விடு.
கேட்க வேண்டிய வால்வுக்குக் காதடைப்பு.
உள்ளே கடுகில் பாதி அளவுக்கு
ஓர் உலோகத் துணுக்கு கிடந்ததாக
மூன்று நாள் கழித்துப் பட்டறையில் சொன்னார்கள்.
அன்றைக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
கழற்றும்போது ஊதா எண்ணெய்
மணிக்கட்டில் வழிந்து
பழைய தழும்பின்மேல் எரிந்தது.

இருபத்திரண்டு வயதுத் தழும்பு.
தெம்பனிசில், இதேபோல் ஒரு மழையில்,
முன்னால் போன பேருந்து திடீரென நிற்க,
மோட்டார் சைக்கிளின் பிரேக்கை
உயிரைப் பிடிப்பதுபோல் பிடித்தேன்.
பிடித்த பிடியோடு போய் விழுந்தேன்.
ஆம்புலன்சில் ஏற்றும்போதும்
வலது கை மூடியே இருந்ததாம்.

மழை விட்டதும் ஜாக்கி வைத்து
ஆறாம் எண்ணை இறக்கினோம்.
கேப்டன் போய் வெகு நேரம் ஆகியிருந்தது,
கையெழுத்தின் மேல் ஒரு மழைத்துளி விட்டுவிட்டு.
ஹைருல் சக்கரத்தை உருட்டிக்கொண்டு நடந்தான்.
ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘தப்’.
“இங்கேதான் இங்கேதான்னு சொல்லுது, தாட்சா” என்று
திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.
நான் ஆறிப்போன கோப்பியைக் குடித்தேன்.
கொட்டகையின் மூலை திரும்பி
ஆள் மறைந்த பிறகும் கேட்டது,
தப்,
கொஞ்சம் இடைவெளி,
தப்.